பூவைப் பற்றி எழுதாதே

பிப்ரவரி 6

அன்புத் தங்கை சுண்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளைக்கு வந்த அந்த ஓயாத தும்மல் நின்றதா?

அம்மா நம் இருவர் பேரிலும் எழுதிவைத்த இந்த வீட்டுக்கு நான் குடிவந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நகரத்தில் இருப்பவர்களெல்லாம் கிராமம், தோட்டம், நல்ல காற்று என்று ஏங்குகிறார்கள். வந்து பார்க்கட்டும். இன்று காலை செருப்புக்குள் காலை விட்டேன். உள்ளே ஒரு நத்தை, ஓடு இல்லாத வகை. கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே நசுங்கி, சளி மாதிரி ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டேன், உப்புப் போட்டுத் தேய்த்தேன். அந்தக் கொழகொழப்பு இன்னும் விரலிடுக்கில் இருக்கிறது.

இங்கே எனக்கு இரண்டு சிநேகிதிகள். ஒருத்தி கோழி வளர்க்கிறாள், கோழிக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இன்னொருத்தி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா. மூன்று வீட்டுத் தோட்டத்துக்கும் ஒரே உரக்குழி, அது என் கொல்லையில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அவரவர் வீட்டு வாளியைத் தூக்கி வந்து கொட்டி, மூன்று பேருமாகக் குழியைப் புரட்டிவிடுவோம். அடியில் வெள்ளைப் புழுக்கள் சோறு கொதிப்பது போல நெளியும். ஆவி வேறு வரும். அந்த ஆவி தலைமுடியில் ஏறினால் அடுத்த சனிக்கிழமை வரை இறங்காது.

மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

---

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேனே, கொடுக்கிறாயா?

உன் கடிதத்தை அவர்தான் பிரித்தார். வழக்கம்போலச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படித்தார். நத்தை வரைக்கும் படித்துவிட்டு, மீதியைச் சாப்பிட்ட பிறகு படித்தார்.

அவர் செப்டம்பரில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். அதன்பிறகு நாங்கள் இருவரும் அங்கேயே வந்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார். பாதி வீடு நம்முடையதுதானே என்கிறார். உனக்கு எழுதச் சொன்னவற்றை எழுதுகிறேன். உரக்குழியை மூடிவிட வேண்டுமாம். கொல்லைக்கு முழுக்க சிமென்ட் போட வேண்டுமாம். கோழிக்காரி கொல்லை வழியாக வந்துபோவதை நிறுத்த வேண்டுமாம். குளியலறை இன்னொன்று கட்ட வேண்டும், அது அவருக்கு மட்டும்.

மீன் வெட்டிச் சுத்தம் செய்யும் கூடத்தில் எனக்கு வேலை எப்போதும் போல இருக்கிறது. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

போன வருடம் நீ வைத்த ரோஜா பிழைத்ததா? இப்போது தோட்டத்தில் என்ன பூத்திருக்கிறது? எழுது.

அன்புடன்,
சுண்டு

---

மார்ச் 3

சுண்டு,

இந்தக் கடிதம் உன் மீன் கூடத்து விலாசத்துக்கு வருகிறது. மேற்பார்வையம்மா வாங்கி உன் கையில் கொடுப்பாள், அவளுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். படித்ததும் கிழித்து மீன் குடலோடு போட்டுவிடு.

போன வருடம் உன் வீட்டில் வந்து தங்கினேனே, அப்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாய். ஆனால் எல்லாவற்றையும் பார்த்தேன். வேலை விட்டு வந்ததும் நீ பின்வாசல் குழாயடியில் நின்று குளிக்கிறாய். அதற்குப் பிறகும் அந்த மனுஷன் உன்னைத் தாண்டிப் போகும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறான். உன் தட்டும் டம்ளரும் தனி அலமாரியில் இருக்கின்றன. உன் சம்பளத்தில் வாங்கிய சோபாவில் நீ உட்காரப் போனபோது, "அது வேணாம், நாற்காலியில உக்காரு" என்றான். நீயும் ஏதோ மறந்துபோனவள் மாதிரி உடனே நாற்காலிக்குப் போனாய். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எந்த உரக்குழியிலும் எனக்கு அப்படி வந்ததில்லை.

நேரடியாகச் சொல்கிறேன். நீ இங்கே வரவேண்டும். அவன் வரக்கூடாது. பாதி வீடு உன் பேரில் இருப்பதால் வராதே என்று அவனிடம் சொல்ல என்னால் முடியாது. தானாகவே வேண்டாம் என்று சொல்லவேண்டும். அவனுக்குத்தான் எதைக் கண்டாலும் அருவருப்பாயிற்றே, அதையே பிடித்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். வீட்டு விலாசத்துக்கு நான் பொய் ஒரு வரிகூட எழுதமாட்டேன். எழுதுவதற்கு இங்கே நிஜமான அசிங்கமே நிறைய இருக்கிறது. பூவை மட்டும் விட்டுவிடுவேன். நீயும் வீட்டிலிருந்து எழுதும்போது பூவைப் பற்றி எழுதாதே, கேட்காதே.

ரோஜா பிழைத்துவிட்டது. வேலியோரம் சூரியகாந்தி என் உயரத்துக்கு நிற்கிறது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் நாங்கள் மூவரும் கொல்லைப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிக்கிறோம். நாலாவது ஆளுக்குப் படியில் இடம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். நான் விசாரிப்பது உன் உடம்பைப் பற்றி மட்டும்தான்.

அக்கா

---

மார்ச் 19

அன்புத் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

இருவரும் சௌக்கியம்தானே? மாப்பிள்ளை இங்கே வரப்போகும் செய்தி கேட்டு எனக்கும் சிநேகிதிகளுக்கும் ரொம்ப சந்தோஷம். வருமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

போன வாரம் நர்ஸம்மா வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி, மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. லாரிக்காரர் இந்தப் பக்கம் எப்போதாவதுதான் வருவார். அதனால் நாங்களே வாளி வைத்து மொண்டோம். நர்ஸம்மா கால் வழுக்கி முழங்கால் வரை உள்ளே போய்விட்டாள். எங்கள் வீட்டுத் தொட்டியும் அதே வயதுதான். அடுத்த முறைக்கு மாப்பிள்ளை மாதிரி ஓர் ஆண்பிள்ளை இருந்தால் மொள்ள உதவியாக இருக்கும்.

கோழிப்பேன் பற்றியும் சொல்லவேண்டும். கூண்டைச் சுத்தம் செய்துவிட்டு வந்தால் கழுத்தில், காதுக்குப் பின்னால், புருவத்தில் எல்லாம் ஊரும். பிடித்து நசுக்கினால் நகத்தில் ரத்தம் ஒட்டும். அது கோழி ரத்தமா நம் ரத்தமா என்று சொல்லமுடியாது. படுக்கையில் உதிர்ந்தால் வீட்டில் எல்லோருக்கும் வரும். பழகிவிடும் என்கிறாள் கோழிக்காரி. அவள் பேசும்போதே சொறிந்துகொள்வாள்.

பதில் போடுங்கள்.

அக்கா

---

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இதைச் சாப்பாட்டு இடைவேளையில் கூடத்திலிருந்து எழுதுகிறேன். நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தில் தொட்டியை மொண்ட இடத்தைப் படித்ததும் அவர் கரண்டியை வைத்துவிட்டார். கோழிப்பேன் வந்ததும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்ப் புருவத்தைக் கழுவினார். பிறகு கடிதத்தை இடுக்கியால் எடுத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டார். நான் சமையலறைக்குப் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அந்த வீட்டில் நான் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது. "அந்த வீடு நமக்குச் சரிவருமான்னு யோசிக்கணும்" என்று நேற்று சொன்னார். இன்னும் ஒன்றிரண்டு கடிதம் போதும் என்று நினைக்கிறேன்.

நீ குழாயடியைப் பார்த்ததோ அலமாரியைப் பார்த்ததோ எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உன்னைத் தங்கவே சொல்லியிருக்கமாட்டேன். எனக்கு அது வெட்கமாக இருக்கிறது அக்கா. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் நான் என் கையை மோந்து பார்க்கிறேன். எலுமிச்சம்பழம் போட்டு, தோல் உரியும்வரை தேய்த்த கைதான். ஆனாலும் மோந்து பார்க்கிறேன். சில நாள் அவர் சொல்வது சரிதானோ என்று தோன்றுகிறது. வேலையை விட்டுவிடு என்று மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. என் சம்பளத்தில் அவருக்கு மீன் நாற்றம் தெரிவதில்லை போலிருக்கிறது.

மணி அடித்துவிட்டது. கையுறை போடவேண்டும்.

சுண்டு

---

மே 10

அன்புத் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

நலமா? இங்கே எல்லோரும் நலம்.

இத்துடன் எங்கள் தோட்டத்து முதல் பூசணியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறோம். உரக்குழியின் மேலேயே படர்ந்து காய்த்தது. மண்ணோடு இருந்தால்தான் தாங்கும் என்பதால் கழுவவில்லை. சிநேகிதிகள் இருவரும் ஆசையாகக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கையாலேயே பிரிக்கவேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

அக்கா

---

ஜூன் 13

சுண்டு,

இதையும் கூடத்து விலாசத்துக்கே அனுப்புகிறேன். பூசணி அனுப்பி ஒரு மாதமாகிறது. வீட்டிலிருந்தும் பதில் இல்லை, கூடத்திலிருந்தும் இல்லை. உடம்பு சரியில்லையா? தபாலில் தொலைந்துவிட்டதா?

நர்ஸம்மா பூசணிக் காம்பைச் சுற்றி நத்தைகளை வைத்து ஈரச்சாக்கால் சுற்றினாள். ஒரு கத்திக் கீறலும் போட்டாள், வழியில் கொஞ்சம் அழுகட்டும் என்று. கோழிக்காரி தன் பங்குக்குக் கூண்டுத் தரையிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டாள். "பிரிக்கிறப்ப அந்தாளு மூஞ்சி எப்படி இருக்கும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எனக்கு விலா வலித்தது. மூஞ்சி எப்படி இருந்தது என்று நீ எழுதினால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும்.

பதில் போடு. ஒரு வரி போதும்.

அக்கா

---

ஜூன் 29

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனம் இல்லை.

பார்சல் வெயிலில் எங்கேயோ கிடந்து வந்து சேர்ந்தது. அதற்குள் பூசணி முழுக்கத் தண்ணீராகிவிட்டது. நீங்கள் ஆசைப்பட்டபடி அவர்தான் பிரித்தார், சாப்பாட்டு மேஜையில். சாக்கு கிழிந்து மஞ்சள் கூழ் அவர் மடியில் கொட்டியது. நத்தைகளில் பாதி செத்திருந்தன, பாதி ஊர்ந்தன. அவர் மேஜைமேலேயே வாந்தி எடுத்தார். எழுந்து ஓடும்போது வீட்டுக் கூடம், நடை, குளியலறை வரைக்கும் எடுத்தார்.

மூஞ்சி எப்படி இருந்தது என்று கேட்டாயே. நான் பார்க்கவில்லை. குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன்.

விடியும்வரை துடைத்தேன். தரை முழுவதும், சுவரில் என் உயரத்துக்கு, பிறகு மேஜையின் கால்கள். காலையில் அவர் வந்து தரையை மோந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவை என்றார். அப்போதிலிருந்து வாளியும் துடைப்பமும் வைக்கிற அறையில் படுக்கிறேன். "உங்க குடும்ப ரத்தமே இப்படித்தான்" என்றார். அந்த வீட்டுக்கு அவர் வரமாட்டார். நீ கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் நானும் வரக்கூடாதாம். "நீ அங்க போனா மறுபடி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது, அந்த அசிங்கத்தை என்னால இங்க சேத்துக்க முடியாது" என்றார்.

நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். அதைத் துடைக்கப்போவது யார் என்று மூன்று பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவருக்கு என்மேல் அருவருப்பு, உனக்கு அவர்மேல் அருவருப்பு. நடுவில் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். உன் கடிதங்களை நினைத்தாலே இப்போது எனக்கு அந்தக் கூழின் வாடை வருகிறது.

இனி வீட்டுக்கு எழுதாதே.

சுண்டு

---

ஜூலை 5

சுண்டு,

உன் கடிதத்தைச் சனிக்கிழமை கொல்லைப்படியில் உட்கார்ந்து இருவருக்கும் படித்துக் காட்டினேன். கோழிக்காரி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். நர்ஸம்மா, "வாந்தி துடைச்சே முப்பது வருஷம் ஓட்டினவ நான், எனக்கே தோணலையே" என்றாள்.

எனக்கு என்னைப் பார்த்தாலே கூசுகிறது. அவன் உன்னைத் துடைக்க வைத்தான் என்றால் துடைக்கவேண்டிய அசிங்கத்தை அனுப்பியவள் நான். மன்னித்துவிடு என்று எழுதத் தகுதி இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். தந்திரம் எல்லாம் முடிந்தது. வா என்று இனிமேல் வற்புறுத்தவும் மாட்டேன்.

கிழக்கு அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். கட்டில் ஜன்னலோரம் கிடக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

நீ சாப்பிடுகிறாயா?

அக்கா

---

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் உன் சிநேகிதிகளும் எப்படி இருக்கிறீர்கள்? கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

கூடத்தில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். வாயாடி. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் பதறிப்போய், "அது நான் கை வச்சது" என்றேன். அவள் மென்றுகொண்டே, "நீங்க கை வைக்காம பின்ன யாரு வைப்பாங்கக்கா" என்றாள். இன்னொரு வாயும் எடுத்துக்கொண்டாள். அவள் கையிலும் என் கையிலும் ஒரே செதில்தான் ஒட்டியிருந்தது. நான் எழுந்துபோய்க் குளிர்பதன அறைக்குள் நின்று அழுதேன். நான் தொட்டதை ஒருத்தர் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று கணக்குப் போடக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் சொன்ன அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே போனால் மறுபடி இங்கே வரக்கூடாது. மிரட்டலாகத்தான் சொன்னார், நானும் மிரண்டுதான் போனேன். மீனை வகுந்துகொண்டிருக்கும்போது திடீரென்று புரிந்தது. எனக்கு எதை இழக்கப் பயம்? வாளி அறையையா? இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே நல்ல வழி, திரும்பி வரக்கூடாது என்பதுதான்.

மேற்பார்வையம்மாவிடம் கணக்கு முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பஸ். நிறுத்தத்துக்கு யாரும் வரவேண்டாம், வழி தெரியும்.

சுண்டு

---

செப்டம்பர் 14

மனைவிக்கு,

நான் நலம் என்று சொல்வதற்கில்லை.

நீ உன் அக்காவின் வீட்டில் இருப்பதாக உன் வேலை இடத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வாசப்படி மிதிக்கக் கூடாது என்று நான் சொன்னது கோபத்தில் சொன்னது. அதைப் பெரிதுபடுத்தாமல் நீ திரும்பி வரலாம். ஆனால் சில விஷயங்களில் நான் இளக முடியாது. கிளம்புமுன் இரண்டு முறை தலைக்குக் குளிக்க வேண்டும். அங்கே உடுத்திய துணிகளை அங்கேயே எரித்துவிட வேண்டும். நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாக வர வேண்டும். முதல் வாரம் வாளி அறையில் இருந்துகொள். அதன்பிறகு பார்க்கலாம்.

இங்கே பாத்திரங்கள் சேர்ந்துகிடக்கின்றன. வேலைக்கு வைத்த பெண் இரண்டே நாளில் நின்றுவிட்டாள். கழிப்பறை அடைத்துக்கொண்டு வழிகிறது. அதில் கை வைக்க என்னால் ஆகாது என்பது உனக்குத் தெரியும். சரிசெய்ய வந்த ஆளின் காலில் செருப்புகூட இல்லை, அதனால் உள்ளே விடவில்லை. ஆகவே இந்த வாரமே வந்துவிடு.

உன் கணவன்

---

செப்டம்பர் 22

அன்புள்ள உங்களுக்கு,

நான் ரொம்ப நலம். நீங்கள் நலமில்லை என்று எழுதியிருந்தீர்கள், வருத்தம்தான்.

முதலில் கழிப்பறை. உள்ளே கையை முழங்கைவரை விடவேண்டும். வளைவு வந்ததும் விரலை மடக்கி, தட்டுப்படுவதைக் கொத்தாகப் பிடித்து இழுக்கவேண்டும். ஒரே இழுப்பில் வராது. நான் மாதம் ஒருமுறை செய்துவந்தேன். நீங்கள் குளித்து முடித்துச் சென்ட் போட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு செய்வேன். அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அடைத்துக்கொண்டிருப்பது எப்போதும் உங்கள் வாய் துடைக்கும் காகிதம்தான். உங்களிடமிருந்து வந்ததை எடுத்தபோது நான் ஒருநாளும் மூச்சை அடக்கிக்கொண்டதில்லை. இப்போது நினைத்தால் எனக்கு அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

இங்கே அக்காவும் சிநேகிதிகளும் செடிகளுக்கு மீன் கழிவை ஊறவைத்து உரம் செய்ய ரொம்ப நாளாக ஆசைப்பட்டார்களாம். செய்ய ஒருத்திக்கும் வயிறு ஒத்துழைக்கவில்லை. இன்று சந்தையிலிருந்து ஒரு கூடை மீன் தலையும் குடலும் வாங்கி வந்தோம். கோழிக்காரி வேலிக்கு அந்தப்பக்கம் போய்விட்டாள். நர்ஸம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பீப்பாயைப் பிடித்தாள். அக்கா ஒரு தரம் வாந்தி எடுத்துவிட்டு, "நீ பண்ணு, நான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று படியில் உட்கார்ந்துவிட்டாள். எடுத்த வாந்தியை அவளே மண் போட்டு மூடினாள், என்னைத் தொடவிடவில்லை. நான் நறுக்கினேன். எல்லாம் முடிந்ததும் கோழிக்காரி ஒரு தட்டில் ரொட்டி கொண்டுவந்தாள். என் கை மீன் கையாக இருந்ததால் அவளே பிய்த்து என் வாயில் போட்டாள். மிச்சத்தை அதே கையால் தானும் சாப்பிட்டாள்.

நான் வரமாட்டேன். துணியை எரிக்கமாட்டேன், நகத்தையும் வெட்டப்போவதில்லை. வாளி அறைச் சாவி கதவிலேயே இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நாளை எழுதலாம், கை கழுவிக்கொண்டு வா என்று அக்கா கூப்பிட்டாள். நான் கழுவவில்லை. இரண்டு பக்கமும் இந்தக் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

சுண்டு